உன் அப்பாவின் எழுபது முழம்

என் ஆத்தாவுக்கு,

நீ போட்ட கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. படித்ததும் வந்த கோபத்தில் உடனே பதில் எழுத உட்கார்ந்திருந்தால் நல்ல வார்த்தை ஒன்றுகூட வந்திருக்காது. அதனால் தைக்கக் கொடுத்திருந்த இரண்டு ரவிக்கையையும் முடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, இன்றைக்குக் காலையில் நிதானமாக எழுதுகிறேன். கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, ஆனால் போகப்போவதில்லை, அப்பா இல்லாத வீட்டில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று எழுதியிருக்கிறாய். நல்ல பிள்ளை. உன்னை யார் கேட்டது? என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நான் உனக்கு மனுப் போட்டேனா? கை நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, ஊசியில் நூல் கோக்க இன்னும் எனக்கு ஆள் வேண்டாம். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைப்பு வராத நாள் இல்லை, அது வேறு விஷயம். அதற்காக நீ இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் திரும்பி வந்துவிடுவாரா?

அவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தையில்தான் எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தது. அவர் இருந்திருந்தால் தூரம் என்றா சொல்லியிருப்பார்? விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "கோயமுத்தூரா? ஒண்ணேகால் லட்சம் சுத்து வரும் ஆத்தா. பஸ்ஸுக்கு அது ஒரு தூரமா?" என்று சொல்லியிருப்பார். எந்த ஊரையும் அவர் மைலில் சொன்னதில்லை. சைக்கிள் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்றுதான் சொல்வார். அது எப்படி வந்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. கல்யாணமான புதிதில், நாற்பத்தெட்டாம் வருஷம் என்று நினைக்கிறேன், அவர் அந்தச் சைக்கிளை வாங்கினார். ஊர் ஊராகப் போய்க் கடலை மூட்டைக்கு விலை பேசி மண்டிக்கு அனுப்புகிற வேலை, சைக்கிள் இல்லாமல் முடியாது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதில் அவருக்கு ஒரே பெருமை, கொஞ்சம் பயமும் உண்டு. ஒரு நாள் என்னைச் சீண்டிப் பார்க்க, "இந்தா புள்ள, பெரிய படிப்புப் படிச்சியே, இந்தச் சக்கரம் ஒரு மைலுக்கு எத்தனை சுத்துச் சுத்தும்னு ஒக்காந்த எடத்துல சொல்லு பாப்பம்" என்றார். விட்டுவிடுவேனா? சக்கரத்தின் உயரம் இருபத்தெட்டு அங்குலம். அதை இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்தால் சுற்றளவு எண்பத்தெட்டு அங்குலம். ஒரு சுற்றுக்குச் சக்கரம் அவ்வளவு தூரம் நகரும். மைலை அங்குலமாக்கி எண்பத்தெட்டால் வகுத்தேன். சுத்தமாக எழுநூற்றிருபது, மிச்சமே இல்லை. அவர் நம்பவில்லை. என் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து ஆரக்கம்பியில் கட்டிக்கொண்டு, ஆலங்குடி ரோட்டில் ஒரு மைல்கல்லுக்கும் அடுத்த மைல்கல்லுக்கும் நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் எண்ணிவிட்டு வந்தார். வழியில் தெரிந்தவர் ஒருவருக்குக் கும்பிடு போட்டதில் எண்ணிக்கை விட்டுப்போய், திரும்ப முதலில் இருந்து எண்ணினாராம். வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே, "எழுநூத்தி இருவதுதான் புள்ள" என்றார். தோற்றுப்போனதில் ஒரு ஆளுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மனுஷனோடு குடும்பம் நடத்திவிடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தூரமெல்லாம் சுற்றுத்தான். சண்டை வந்து நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்தால், "ஏழாயிரத்தி எரநூறு சுத்து, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டுத் தின்பண்டம் தேட அடுப்படிக்குப் போய்விடுவார். பத்து மைல் என்று சொன்னால் போயிருப்பேன், ஏழாயிரம் என்று கேட்டதும் கால் ஓடாது. நீ பிறந்தது அந்த அம்மா வீட்டில்தான். சேதி போன அரை நாளில் அந்த ஏழாயிரத்து இருநூறு சுற்றையும் மிதித்துக்கொண்டு வந்து நின்று, உன்னைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது உன் காலைத்தான். நீளமாக இருக்கிறது என்றார். அவர் கைகால் நீளத்தைத்தான் உனக்குக் கொடுத்திருந்தார். சட்டை தைக்கும்போதெல்லாம் அவருக்குக் கைத்துணி பற்றாமல் போய் ஒட்டுப் போடுவேன், ஞாபகம் இருக்கிறதா?

உன் அந்த நீளக் காலை ஊரார் கண்ணில் காட்டிக்கொடுத்தது ஒரு தூக்குச்சட்டி. நீ எட்டாவது படித்த வருஷம், அப்பா புதுக்கோட்டைக்குப் புறப்பட்டவர் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தூக்கோடு பஸ்ஸின் பின்னால் ஓடினாய். கண்மாய்க்கரைத் திருப்பத்தில் பஸ் மெதுவாகப் போகும் என்று உனக்குத் தெரியும். ரோட்டை விட்டுக் குறுக்கே கரைமேல் ஏறி ஓடி, ஜன்னல் வழியாக அவர் மடியில் தூக்கைப் போட்டுவிட்டாய். குழம்பு சிந்தவில்லை என்று சாயங்காலம் வந்து ஊர் முழுக்கச் சொன்னார். அந்தப் பஸ்ஸில்தான் உங்கள் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். மறுநாளே நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒங்க மக ஓட்டத்த வீணாக்கிராதீங்க. மாசி மாசம் புதுக்கோட்டையில செலக்‌ஷன் இருக்கு. நானூத்தி நாப்பது கெஜத்த எழுவத்திரெண்டு செகண்டுக்குள்ள ஓடினா, பொம்பளப்புள்ளைங்க ஹைஸ்கூல்ல சேத்து ஹாஸ்டல்ல எடம் குடுப்பாங்க. நான் பேசிட்டேன்" என்றார். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. தினம் பஸ்ஸில் ஹைஸ்கூலுக்கு அனுப்ப நமக்கும் தைரியம் இல்லை, சொந்தத்திலும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆக, அந்த எழுபத்திரண்டுக்குள் ஓடினால் உனக்குப் படிப்பு, இல்லாவிட்டால் என்னோடு உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைக்க வேண்டியதுதான்.

ஓடிப் பழக ஒரு களம் வேண்டுமே. கடலை பறித்து முடித்து முந்திரிக் காட்டை ஒட்டின பொட்டல் சும்மா கிடந்தது. ஒரு சுற்று இருநூற்றிருபது கெஜம் வரும்படி வட்டம் போட்டால் இரண்டு சுற்றில் கணக்கு முடிந்துவிடும் என்று வாத்தியார் சொல்லிவிட்டுப் போனார். நான் சாம்பல் பூசின தரையில் குச்சியால் கணக்குப் போட்டேன். நடுவில் முளை அடித்து முப்பத்தைந்து கெஜக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தால் சரியாக இருநூற்றிருபது. கெஜத்துக்கு இரண்டு முழம், ஆக எழுபது முழக் கயிறு. இவ்வளவும் சரி. நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். உன் அப்பா சிரித்தார். "கயித்துக்கு டேப்பா? கயித்துக்கு என்ன ரவிக்கையா தைக்கப் போறோம்? கைய ஆண்டவன் எதுக்குக் குடுத்திருக்கான்?" என்று சொல்லி, தேங்காய்நார்க் கயிற்றை முழங்கையில் இருந்து விரல் நுனி வரை இழுத்து இழுத்து அளந்து எழுபது முழத்தில் அறுத்தார். கயிற்றை முழத்தில் அளக்காமல் வேறு எதில் அளப்பார்கள்? நானும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். முளையில் சுற்றிக்கொண்டு கயிறு குறையாமல் இருக்க வளையமாகக் கட்டி நீ பிடித்துக்கொண்டாய். அவர் மறுநுனியை விறைப்பாக இழுத்துக்கொண்டு நடக்க நடக்க, நான் பின்னாலேயே கூடையில் இருந்து கடலைத் தோலைத் தூவிக்கொண்டு போனேன். செம்மண்ணில் வெளுப்பாக அந்தக் கோடு விழுந்தபோது எவ்வளவு அழகாக இருந்தது! மழை கரைக்கும்போதெல்லாம் அதே கயிறு, அதே முளை, மறுபடி கடலைத் தோல்.

விடிகாலை வெளிச்சம் வந்ததும் நீ ஓடுவாய். நான் உன் அப்பாவின் கல்யாணக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நொடி முள்ளைப் பார்ப்பேன். அவர் ஒன்றும் செய்யமாட்டார், ஆனால் நீ ஓடி முடிக்கிறவரை மூச்சு விடாமல் நிற்பார். ஆரம்பத்தில் தொண்ணூறு. பொங்கலுக்குள் எண்பதுக்கு வந்தாய். அப்புறம் எழுபத்தெட்டு. அங்கேயே நின்றுவிட்டது. வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு ஓடினாலும் எழுபத்தெட்டு, பால் குடித்துவிட்டு ஓடினாலும் எழுபத்தெட்டு. கேழ்வரகுக் களி கொடுத்தேன், முட்டை கொடுத்தேன். ஒரு நாள் உன்னைச் சோம்பேறி என்றுகூடச் சொன்னேன். நீ மறுபடியும் போய் ஓடினாய், எண்பத்தொன்று ஆனது. செலக்‌ஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஓடி முடித்ததும் கோட்டின் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்றாய். "என்னால ஆகலம்மா. என் காலுக்கு அவ்வளவுதான். வாத்தியார்கிட்ட வரலைன்னு சொல்லிருங்க" என்றாய். முகத்தில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிடக்கூட உனக்கு மனசில்லை. அப்பா உன்னைத் தூக்கிவிட வந்தார், கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாயில் சுருண்டுவிட்டாய். அந்த மனுஷன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

எனக்கு உன்னை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை. இத்தனை நாளில் நீ எத்தனை மைல் ஓடியிருக்கிறாய் என்று கூட்டிச் சொன்னாலாவது கொஞ்சம் தலை நிமிர்வாயே என்று தோன்றியது. ஒரு சுற்று ஒரு ஃபர்லாங், அதாவது மைலில் எட்டில் ஒரு பங்கு, அது கயிற்றுக் கணக்கு. ஆனால் உன் அப்பாவுக்கு மைல் என்றால் சக்கரம் சுற்றினால்தானே மனசு ஆறும்? "வாங்க, சைக்கிளத் தள்ளி எண்ணியே பாத்துருவோம். தொண்ணூறு சுத்து வரணும்" என்று கூப்பிட்டேன். உன் சிவப்பு ரிப்பனை ஆரக்கம்பியில் கட்டினோம். அவர் கோட்டின் மேல் தள்ளிக்கொண்டு போக, நான் ரிப்பன் தரையைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் எண்ணி, பத்துக்கு ஒரு கடலையாக மடியில் போட்டுக்கொண்டே வந்தேன். புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது கடலை இருக்க வேண்டும். மடியில் பத்து இருந்தது.

"தப்பா எண்ணிட்ட புள்ள" என்றார். இன்னொரு தடவை சுற்றினோம். பத்துக் கடலை. அவர் என் மடியில் கை விட்டார். ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப கணக்குச் சரியாப் போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "வெளையாடுற நேரமாங்க இது?" என்று கத்தினேன். அப்புறம் அவரே சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். "காத்துக் கம்மியா இருக்கும். காத்து எறங்கினா சக்கரம் சின்னதாப் போகும், சுத்துக் கூடும்" என்றார். அந்த யோசனை எனக்கே வரவில்லை, பார். காற்றடித்து மறுபடி தள்ளினோம். அப்போதும் பத்து. பிறகு எனக்கு மைல் கணக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆலங்குடி ரோட்டுக்குப் போனோம். மைல்கல்லில் இருந்து முதல் ஃபர்லாங் கல் வரைக்கும் அவர் தள்ள, நான் எண்ண, போகிற வருகிற வண்டிக்காரர்கள் எல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கல்லைச் சக்கரம் தொட்டபோது என் மடியில் ஒன்பது கடலை இருந்தது.

அப்படியென்றால் சக்கரம் பொய் சொல்லவில்லை, மைல்கல்லும் பொய் சொல்லவில்லை. நம் வட்டம்தான் பெரிசு. கணக்கு நான் போட்டது, அதில் பிழை இல்லை. அங்கேயே ரோட்டோரம் நின்றபடி அவரைத் திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் ஹாண்டில் பாரில் நீளமாக இரண்டு கையும் கிடந்தது. சட்டைக்கு நானே ஒட்டுப் போடுகிற கை! "கைய நீட்டுங்க" என்றேன். "ரோட்டுலயா?" என்றார். "நீட்டுங்கன்னா நீட்டுங்க." எப்போதும்போல் கழுத்தில் கிடந்த டேப்பை முழங்கையில் வைத்து விரல் நுனி வரைக்கும் பிடித்தேன். முழம் என்றால் பதினெட்டு அங்குலம். அவர் முழம் இருபது. முழத்துக்கு இரண்டு அங்குலமாக எழுபது முழத்துக்கு நூற்றுநாற்பது அங்குலம், அவர் கைக்கு ஏழு முழம், கயிற்றில் கூடிப்போயிருந்தது. கயிறு அவ்வளவு நீண்டால் சுற்றளவு எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டேன். அது சரியாகச் சக்கரத்தின் பத்துச் சுற்று. அந்தப் பத்தாவது கடலை! நீ இத்தனை நாளும் வட்டத்துக்குப் பத்துச் சக்கரச் சுற்று, இரண்டு வட்டத்துக்கு இருபது, கிட்டத்தட்ட ஐம்பது கெஜம் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தாய். ஐந்நூறு கெஜத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தைத்தான் எழுபத்தெட்டில் ஓடியிருக்கிறாய். அவர் அப்படியே அந்த ஃபர்லாங் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு, "பாவி, புள்ளயக் கொன்னுட்டனே" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்தேன். "இந்தக் கையால எனக்கு ஒரு நாளாவது பூ அளந்து வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதேன். என் பிள்ளையின் காலில் ஒரு குறையும் இல்லை என்ற சந்தோஷம் எனக்கு அப்படித்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து உன்னை எழுப்பிச் சொன்னதும் நீயும் சிரிப்பாய் என்று நினைத்தோம். நீ எழுந்து உட்கார்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாய், ஆத்தாடி! "அம்மா டேப்ப எடுத்துட்டு வந்தாங்கல்ல? ஏன் வேணாம்னீங்க?" என்று மட்டும் கேட்டாய். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாய். அன்று சாயங்காலமே நீயும் நானும் டேப்பை வைத்துக் கயிற்றை அளந்து முப்பத்தைந்து கெஜத்தில் ஒரு முடிச்சுப் போட்டோம். அவரைக் கயிற்றைத் தொடவிடவில்லை நீ. கடலைத் தோல் கூடையைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளியே வந்தார். பழைய வட்டத்துக்குள்ளே புதிய வட்டம் விழுந்தது. முதல் தடவை ஓடியபோது எழுபத்திரண்டு. எழுபது வரும் என்று நினைத்திருந்த எனக்கு ஏமாற்றம். உன் கால் இன்னும் பழைய வட்டத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வேகத்தை எடுக்க வேண்டிய இடம் வந்தும் நீ எடுக்கவில்லை. எடுக்கிறாய் என்னும்போது கோடு வந்துவிட்டது. முந்திரி மரத்தைத் தாண்டினதும் வேகம் எடுத்துப் பழகினவள், இப்போது மரத்துக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். அந்த ஒரு வாரமும் அதைத்தான் பழகினாய். மரத்துக்கு முன்னால் நின்று "இப்ப!" என்று கத்தக்கூடியவர் அவர்தான், நான் கடிகாரத்தோடு கோட்டில் நிற்க வேண்டும். அவர் கத்துவார், நீ வேகம் எடுப்பாய். ஆனால் முகத்தைப் பார்க்கமாட்டாய். சாப்பாட்டு நேரத்தில் அவர், "ஆத்தா, கொஞ்சம் ரசம் ஊத்திக்க" என்பார். நீ என்னைப் பார்த்து, "போதும்மா" என்பாய். அந்த வாரம் எனக்கு எப்படிப் போனது என்று நீ இப்போதாவது யோசித்துப் பார்.

புதுக்கோட்டை மைதானத்தில் அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் கண்டதில்லை. நான் தைத்துக்கொடுத்த நிஜாரும் சட்டையுமாக நீ நின்றபோது பக்கத்தில் இருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உன் அப்பா எங்கே என்று தேடினேன். காணோம். அந்த மனுஷன் உன் கண்ணில் படாமல், முடிவுக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் தள்ளி வேலியோரமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் கிட்டே நின்றால் உனக்குக் கோபம் வந்து ஓட்டம் கெட்டுவிடும் என்று பயம். விசில் ஊதினார்கள். முதல் சுற்றில் நீ மூன்றாவதாக வந்தாய். இரண்டாவது சுற்றில் எதிர்ப்பக்கத் திருப்பத்தில், அங்கே முந்திரி மரமும் இல்லை, கத்த ஆளும் இல்லை, ஆனால் சரியாக எடுக்க வேண்டிய இடத்தில் நீ வேகம் எடுத்தாய். அப்புறம் நான் ஒன்றையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். வாத்தியார், "எழுவது! எழுவது!" என்று கத்துகிறது கேட்டுத்தான் திறந்தேன். நீ கோட்டைத் தாண்டிவிட்டாய். ஆனால் நிற்கவில்லை. "போதும், நில்லு பாப்பா!" என்று வாத்தியார் பின்னாலேயே ஓடி வந்தார். நீ அதே வேகத்தில் நேராக வேலியை நோக்கி ஓடினாய். அங்கே நின்ற மனுஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அந்த வாரத்தில் முதல் தடவையாக அவரிடம் வாயைத் திறந்தாய். "ஒங்க மொழத்துக்கும் சேத்து ஓடிட்டேன்ப்பா." அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார். தன் உயிரைப்போல் வைத்திருந்த சைக்கிள். அது விழுந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? உன் ஓட்டக் கதை உனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ ஹாஸ்டலுக்குப் போன அன்று பஸ் கிளம்பிப் போனதும், "நம்ம புள்ள போயிருச்சே, வீடு வெறிச்சுன்னு கெடக்குமே" என்று நான் அழுதேன். அவர் என் தோளைத் தட்டி, "எட்டாயிரத்துச் சொச்சம் சுத்துத்தான் புள்ள, நான் வாராவாரம் போயிப் பாத்துட்டு வந்து ஒனக்குச் சொல்றேன்" என்றார். சொன்னபடி போனார். மழையிலும் போனார். உனக்கு முறுக்கு கொண்டுவந்ததாக மட்டும்தான் உனக்குத் தெரியும். திரும்பி வந்து நீ என்ன உடுத்தியிருந்தாய், எப்படிச் சிரித்தாய், யாரோடு நின்று பேசினாய் என்று ஒன்று விடாமல் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நீ என்னை விட்டுப் போய்விட்டாய் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றாமல் பார்த்துக்கொண்டது அவர்தான். அதற்கு நான் அவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம் வீடுகளில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? இப்போது உன்னிடம் சொல்கிறேன். அவருக்கு என் நன்றி. உனக்கும் நன்றி, ஆத்தா. அன்றைக்குக் கோட்டோடு நின்றிருந்தாலும் உனக்கு ஹாஸ்டல் கிடைத்திருக்கும். நீ நிற்காமல் ஓடிப் போனாயே, அதில்தான் அந்த மனுஷன் அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் தலை நிமிர்ந்து நடந்தார்.

ஆகையால் நீ கோயம்புத்தூருக்குப் போகிறாய். இதில் பேச்சே இல்லை. உன்னிடம் வரப்போகிற பெண்பிள்ளைகளில் எவளாவது, என்னால் ஆகவில்லை டீச்சர் என்று குப்புறப் படுத்துக்கொள்வாள். அவளைத் திட்டுவதற்கு முன்னால் தரையை அளந்து பார். நான் உன்னைச் சோம்பேறி என்று சொன்ன அன்றைக்கு நீ எழுபத்திரண்டுக்குள் ஓடக்கூடிய பிள்ளையாகத்தான் இருந்தாய். அது எனக்கு இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது. இப்போது கெஜம் போய் மீட்டர் வந்துவிட்டது என்கிறாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடிச்சில் இருந்து ஒரு சாணுக்கும் குறைவாக உள்ளே தள்ளினால் இருநூறு மீட்டர் வட்டம் வந்துவிடும். நீயும் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள், எனக்கு இப்போது பின்னக் கணக்கில் கொஞ்சம் தடுமாற்றம் வருகிறது. எதை அளந்தாலும் டேப்பால் அள. உன் கையும் அவர் கைதான், மறந்துவிடாதே.

அந்தக் கயிற்றைத்தான் பார்சலில் அனுப்புகிறேன். பரண்மேல் இருந்தது, எலி கடிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். நீயும் நானும் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. முடிச்சு வரைக்கும் உன் பிள்ளைகளுக்கு. முடிச்சுக்கு அப்பால் தொங்குகிற கயிறு அவர் கூட்டி அளந்தது, அதை வெட்டாதே. ஓரமாகச் சுருட்டிக் கட்டிக்கொள். பஸ்ஸில் போகும்போது மடியில் வைத்துக்கொள். அளந்து பார்த்தால் ஏழு முழத்துக்கு ஆறு முழம்தான் இருக்கும். அனுப்புவதற்கு முன்னால் நுனியில் இருந்து ஒரு முழம் மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். அவர் கைக்கு ஒரு முழம், இருபது அங்குலம். தலைமாட்டில் வைத்திருக்கிறேன். எனக்குத் துணைக்கு அது போதும். நீ கிளம்பு.

உன் அம்மா